பதினான்கு புதன்கிழமைகள்

இன்று காலை நேர்சரிக் கதவைத் திறந்ததும் சூடான பிளாஸ்டிக் மணம் அடித்தது. தாள்களுக்குப் பிளாஸ்டிக் உறை போடும் மெஷினை யாரோ ஏழரை மணிக்கே போட்டுவிட்டிருந்தார்கள். அது அந்த நேரத்தில் சூடாகிறது என்றால் காரணம் ஒன்றுதான்: பரிசோதகர்கள் வருகிறார்கள். மின்னஞ்சலைப் பிறகுதான் பார்த்தேன், அடுத்த கிழமை வருகிறார்கள் என்று இருந்தது.  கோட்டைக் கழற்றாமல், மூன்று வயதுப் பிள்ளைகள் இருக்கும் சின்னக் கதிரை ஒன்றில் போய் இருந்தேன். உம்மோடு கதைக்க வேண்டும் போலிருந்தது. உம்முடைய இலக்கம் இன்னும் என் போனில் இருக்கிறது. அழுத்தினால் இப்போது யார் எடுப்பார்களோ என்ற பயத்தில் அழுத்தவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நீர் உம்முடைய மகள் ஜெனிஷாவைக் கூட்டிக்கொண்டு முதன்முதலாக வந்த நாள் நல்ல மழை. மனோர் பார்க்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தீர். பிள்ளைக்கு மூன்று வயது. உம்முடைய பின்னலின் நுனியைக் கைக்குள் சுற்றிப் பிடித்திருந்தாள். நான் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னேன். நீர் என் சட்டையில் குத்தியிருந்த பெயரை ஒருதரம் வாசித்தீர்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

"ஓம். வாரும், உள்ளுக்கு வாரும்."

"அப்பாடா," என்று சொல்லிவிட்டு அங்கேயே ஈரக் கோட்டோடு இருந்துவிட்டீர். உம்முடைய ஊர் மன்னார், என்னுடையது கொக்குவில். அதைக் கேட்டு முடிப்பதற்குள் ஜெனிஷாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டீர். கதைக்க மாட்டாள். தண்ணீரை அப்படியே கொடுக்கக் கூடாது, தூள் கலந்து கஞ்சிப் பதத்தில் கொடுக்க வேண்டும். ஒரு வாய் கொடுத்தால் விழுங்கிவிட்டாளா என்று பார்த்துத்தான் அடுத்த வாய். அவள் இருமினால் இருமல் முடியும் வரை முதுகில் கை வைத்திருக்க வேண்டும். இத்தனையையும் சொல்லும்போது உம்முடைய கண் என் முகத்தில் இல்லை, என் கையில் இருந்தது. இந்தக் கை அதைச் செய்யுமா என்று பார்த்தீர் என்று நினைக்கிறேன்.

சிறப்புத் தேவையுள்ள சின்னப் பிள்ளைகளின் பிரிவில் நான் உதவியாளர். ஆசிரியையும் இல்லை, தெரப்பிஸ்டும் இல்லை. ஜெனிஷாவின் கோப்போடு அவளுடைய 'பிளான்' வந்தது. உள்ளூராட்சிக் கவுன்சில் எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. அதில் எழுதியிருக்கும் உதவியைப் பிள்ளைக்குக் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் சட்டத்தை மீறியதாகும். அவளுடைய பிளானில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தர ஒரு தெரப்பிஸ்ட் கிழமைக்கு ஒருதரம் வர வேண்டும். ஆறு கிழமைக்கு ஒருதரம் அவள் எதைச் சாப்பிடலாம் என்பதைப் புதிதாகப் பார்த்து எழுத வேண்டும். "இந்தப் பேப்பர் எடுக்க எனக்கு ஒண்டரை வருசம் எடுத்தது, அக்கா," என்று சொன்னீர். அதைப் பாஸ்போர்ட் போலப் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தீர்.

ஐந்து புதன்கிழமைகள் தெரப்பிஸ்ட் வந்தார். பிறகு அவர் வேலையை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு ஆள் எடுக்கிறோம் என்றார்கள். இலையுதிர்காலம் முடிந்தது, கிறிஸ்துமஸ் முடிந்தது, ஆள் வரவில்லை. எங்கள் பொறுப்பாளர் லின் கெட்டவர் இல்லை. களைத்துப்போன மனுசி. "நீங்கள் அரை நாள் பயிற்சி எடுத்தவர்தானே. புதன்கிழமைகளில் பத்து நிமிடம் நீங்களே செய்யுங்கள்," என்றார். முடிந்த நாளில் செய்தேன். அடுத்த அறையில் ஆள் இல்லாவிட்டால் என்னை அங்கே அனுப்பிவிடுவார்கள், அன்று ஒன்றும் நடக்காது. சுவரில் ஒரு தாள் தொங்கும். திகதி, செய்தது என்ன, செய்தவரின் கையெழுத்து. நடக்காத நாளில் நான் அந்த வரியை வெறுமையாக விட்டேன்.

நீர் ஒவ்வொரு பின்னேரமும் ஜெனிஷா சாப்பிடுவதை ஒரு நிமிடம் வீடியோ எடுத்தீர். தெரப்பிஸ்ட் முன்பு அப்படிக் கேட்டிருந்தார். அவர் போன பிறகும் விடவில்லை. ஒருநாள் வாசலில் நின்று எனக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினீர். உம்முடைய குரல் மட்டும் கேட்டது: "இண்டைக்கும் தெரப்பிஸ்ட் வரேல்லை. அவ வந்தாக் காட்டுறதுக்கு எடுக்கிறன். இண்டைக்கு ரெண்டுதரம் இருமினவ." போன் நிறைந்துவிட்டது, எதை அழிப்பது என்று கேட்டீர். கலியாண வீட்டுப் படங்களை அழியும் என்று சொன்னேன். சிரித்தீர்.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பரிசோதகர்கள் வருகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. அவர்கள் ஒரு வகுப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அல்ல. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குச் சட்டம் சொல்வதைக் கவுன்சிலும் சுகாதார சேவையும் செய்கின்றனவா என்று பார்க்க அரசாங்கம் அனுப்புகிறவர்கள். எல்லாப் பிள்ளைகளையும் பார்க்க நேரம் இராது. சில பெயர்களைத் தாங்களே தெரிந்தெடுப்பார்கள். அந்தப் பிள்ளையின் காகிதங்களைப் படிப்பார்கள், தாயிடம் கேட்பார்கள், பிள்ளையோடு வேலை செய்பவரிடம் கேட்பார்கள். மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். புதன்கிழமை பெயர்கள் வந்தன. ஜெனிஷாவின் பெயர் இருந்தது.

வியாழக்கிழமை லின் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை. சாதாரண விஷயம் போலத்தான் சொன்னார்: "அந்தத் தாளில் இடைவெளிகள் இருக்கின்றன. செய்ததை எழுத மறந்திருப்பீர்கள். நாளைக்குள் நிரப்பிவிடுங்கள்."

பதினான்கு வரிகள். பேனையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது அகதி விசாரணையில் ஒரு திகதியை மாற்றிச் சொல்லிவிட்டேன். மாமாவை ஆமி பிடித்துக்கொண்டு போனது ஐப்பசியா கார்த்திகையா என்று தடுமாறி, ஒருதரம் ஒன்றும் மறுதரம் மற்றதும் சொல்லிவிட்டேன். அந்த ஒரு திகதிக்காக வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டது. அந்த நாட்களில் யாராவது கதவைத் தட்டினால் கட்டிலுக்குப் பின்னால் போய் இருப்பேன். தாளில் இருக்கும் திகதி ஒரு மனுசியை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். மேலதிகாரி சொல்லி நான் மாட்டேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. 'கரண்டிப் பயிற்சி, பத்து நிமிடம்.' கீழே என் கையெழுத்து. ஒரே பேனை என்று தெரியாமல் இருக்க நடுவில் பேனையை மாற்றினேன். பேனை மாற்றியதை உம்மிடம்கூட நான் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

அன்று பின்னேரம் நீர் வாசலில் காத்துக்கொண்டு நின்றீர்.

"அக்கா, எங்கட பிள்ளையின்ர பெயராம். என்னத்தைக் கேப்பினம்?"

"பயப்பிடாதையும். பிள்ளை எப்பிடி இருக்கிறா எண்டுதான் கேப்பினம்."

"வீட்டில இவர் சொல்லுறார், ஒண்டும் கதையாதையும், பிள்ளையின்ர இடம் போயிடும் எண்டு. எனக்கும் பயமாத்தான் கிடக்கு. வீடியோவைக் காட்டட்டோ?"

அந்த நேரம் மழை இல்லை, ஆனால் கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டேன், முகம் தெரியாமல் இருக்க. "தேவையில்லை. கேட்டா மட்டும் சொல்லும்," என்றேன்.

"சரி அக்கா," என்றீர். நீர் என்னை நம்பித் தலையாட்டிய விதம் இருக்கிறதே, அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பரிசோதகர்கள் எங்களிடம் வருவதற்கு முதல்நாள், காலைச் சிற்றுண்டி நேரம். முன்னைய தெரப்பிஸ்ட் எழுதிவிட்டுப் போன தாளில் 'மென்மையான சிறு துண்டுகள் கொடுக்கலாம்' என்று இருந்தது. அது பல மாதப் பழைய தாள். அதற்குப் பிறகு பிள்ளையின் விழுங்கும் நிலையை ஒருவரும் பார்க்கவில்லை. பழுத்த பேரிக்காய்த் துண்டு ஒன்றைக் கொடுத்தேன். இரண்டாவதையும் கொடுத்தேன். அவள் இருமவில்லை. இருமாததுதான் பிழை என்று எனக்கு உறைக்க ஒரு கணம் எடுத்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. உதட்டைச் சுற்றி நீலம் பரவியது. அவளை என் முழங்காலில் குப்புறப் போட்டு முதுகில் அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அன்றைக்கு மட்டும் ஏஜென்சியிலிருந்து உதவிக்கு வந்த பெண் அழத் தொடங்கிவிட்டாள். நான்காவது அடியில் துண்டு தரையில் விழுந்தது. பிறகுதான் ஜெனிஷா அழுதாள். அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.  தரையிலேயே அவளை அணைத்துக்கொண்டு இருந்தேன். வாயில் இரும்பைக் கடித்ததுபோல ஒரு சுவை இருந்தது.

உமக்கு அறிவித்தார்கள். அம்புலன்ஸ் ஆட்கள் வந்து பார்த்து, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நீர் ஓடி வந்தீர். கோட் இல்லை. காலில் வீட்டுச் செருப்பு. பிள்ளையை வாங்கி, கழுத்தை, உதட்டை, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தீர். பிறகு என் கையைப் பிடித்தீர்.

"நல்ல காலம் நீங்கள் நிண்டனீங்கள் அக்கா. வேற ஆக்களெண்டா என்ர பிள்ளை..."

முடிக்கவில்லை நீர். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. தாய்மார் காத்திருக்கும் சின்ன அறைக்கு உம்மைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நின்றபடியே சொன்னேன்.

"அந்தப் புதன்கிழமைத் தாளில இருக்கிற பதினாலு வரி பொய். நடக்கேல்லை. போன கிழமை ஒரேயடியா இருந்து எழுதினனான். வீடியோ காட்ட வேண்டாம் எண்டு சொன்னதும் அதுக்குத்தான். தெரப்பிஸ்ட் ஆராவது வந்து பாத்திருந்தா இந்தப் பேரிக்காயை நான் குடுத்திருக்க மாட்டன்."

 நீர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளையின் ஜாக்கெட்டின் ஜிப்பை மெதுவாக, தோல் மாட்டிவிடாமல், கழுத்து வரை இழுத்தீர். அவளைத் தூக்கிக்கொண்டு என்னைப் பாராமலே போய்விட்டீர். செருப்புச் சத்தம் வாசல் வரை கேட்டது.

அன்று வீட்டுக்குப் போய் நான் சமைக்கவில்லை. செவன் கிங்ஸில் என் வீட்டு முன் அறையில் திரையை இழுத்துவிட்டு இருந்தேன். பொய் ஆவணம் எழுதியவள் என்று பதிந்துவிட்டால் இனிப் பிள்ளைகளோடு வேலை செய்ய விடமாட்டார்கள். பொலிஸ் வருமா? குடியுரிமையைப் பறிப்பார்களா? அப்படி நடக்காது என்று புத்திக்குத் தெரியும். ஆனால் என்னுடைய பயத்துக்குப் புத்தி இல்லை. அது வேறொரு நாட்டில் பிறந்த பயம். சீருடையோ கோப்போ கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும் அதற்கு ஒரே ஆள்தான். உமக்கு அழைப்பு எடுக்கப் பார்த்தேன். நீர் எடுத்தால் என்ன கேட்பேன்? சொல்லாதையும் என்றா? வைத்துவிட்டேன்.

மறுநாள் உம்மை முதலில் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க நான் இருக்கட்டும் என்று நீர் முன்பு கேட்டிருந்தீர். அங்கே வேலை செய்பவர் இருக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போட்டார்கள். இந்தியத் தமிழ்ப் பெண் போல. கதவு சாத்த முதல் அவருடைய "ஆமாங்க, சொல்லுங்க" கேட்டது. உம்முடைய மன்னார்த் தமிழ் அவருக்கு எவ்வளவு விளங்குமோ என்று அந்தப் பயத்துக்குள்ளும் ஒரு கவலை. நான் வெளியே கொரிடோரில் இருந்தேன். அரை மணித்தியாலத்துக்குமேல் சென்றது. கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

கதவு திறந்து நீர் வெளியே வந்தீர். கண் சிவந்திருந்தது. என்னைத் தாண்டிப் போகும்போது நின்றீர். முதல்நாளுக்குப் பிறகு அப்போதுதான் என்னைப் பார்த்தீர்.

"வீடியோ காட்டினனான். எல்லாத்தையும் பாத்தவை. உங்கட கையெழுத்தைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. அதை நீங்களே சொல்லுங்கோ."

போய்விட்டீர். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஒரு மேசை. காது கேட்கும் கருவி போட்ட, மெல்லக் கதைக்கும் ஒரு ஆண் பரிசோதகர். பக்கத்தில் சுகாதாரப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். ஓரத்தில் லின். அந்த மனிதர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "இவை உங்களுடைய கையெழுத்தா?" குரலில் கடுமை இல்லை. குறொய்டனில் அகதி விசாரணையில் என்னை விசாரித்தவரும் அப்படித்தான் மெதுவாகக் கதைத்தார்.   பொய் சொல்வது சுலபமாக இருந்தது. ஓம் என்று ஒரு சொல் போதும். அது பொய்கூட இல்லை, கையெழுத்து என்னுடையதுதானே.

"ஓம், என்னுடையவை," என்றேன். பிறகு விரலால் காட்டினேன். "இந்த வரிகள் உண்மை. இந்தப் பதினான்கும் உண்மை இல்லை. போன வியாழக்கிழமை எழுதினேன்."

 லின் ஜன்னலைப் பார்த்தார். அந்த மனிதர் பேனையைக் கீழே வைத்தார். "யாராவது எழுதச் சொன்னார்களா?" என்று கேட்டார். அதற்கும் பதில் சொன்னேன். சொல்லும்போது லின்னுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. வெளியே வந்ததும் சின்னப் பிள்ளைகளின் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அன்று பின்னேரமே என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஆறு கிழமை. ஒவ்வொரு கடிதம் விழும் சத்தத்துக்கும் எழும்பி ஓடுவேன். மூன்றாவது கிழமை கதவு மணி அடித்தது. திரையை விலக்கிப் பார்த்தால் நீர், பிள்ளையோடு. உள்ளே வந்து மீன் கட்லட் பெட்டியை மேசையில் வைத்தீர்.

"கோவம் போகேல்லை அக்கா. அதை முதல்ல சொல்லிப்போட்டன். ஆனா பிள்ளை உங்களைத் தேடுறா. வகுப்புக் கதவடியில போய் நிக்கிறா."

"எனக்கு என்ன சொல்லுறதெண்டே தெரியேல்லை."

"ஒண்டும் சொல்ல வேண்டாம். தேத்தண்ணி போடுங்கோ."

அன்றுதான் நீர் உள்ளே என்ன நடந்தது என்று சொன்னீர். அந்த மொழிபெயர்ப்பாளருக்கு 'இருமினவ' என்பது விளங்கவில்லையாம். நீர் அந்த அறையில், அவர்கள் முன்னால், இருமிக் காட்டினீராம். அதைச் சொல்லிச் சிரித்தீர். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தீர். "இடம் போயிடும், பிள்ளையை வீட்டில வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது எண்டு அண்டைக்கு முழுக்க நினைச்சனான்," என்றீர். பயந்தவள் நான் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

இடம் போகவில்லை. பரிசோதகர்களின் அறிக்கை வெளிவருவதற்கு முன்பே புதிய தெரப்பிஸ்ட் ஒருத்தி வந்தாள். வந்த முதல் நாளே ஜெனிஷாவின் உணவுத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை தந்து மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். லின் வேறிடம் போனார். ஒருநாள் ஸ்டேஷன் வாசலில் கண்டபோது தலையாட்டினார், நானும் ஆட்டினேன். அறிக்கையில் பெயர்கள் இல்லை. சில இடங்களில் பதிவேடுகள் பிள்ளைகளுக்கு உண்மையில் கிடைத்ததைக் காட்டவில்லை என்று ஒரு வசனம் மட்டும் இருந்தது. நீர் அகராதி பார்த்து வாசித்துவிட்டு எனக்கு அழைப்பு எடுத்தீர். "அந்த ஒரு வரி நாங்கள்தான், என்ன அக்கா?"

பிறகு வந்த வருடங்கள் எங்களுக்கு நல்ல வருடங்கள். உம்முடைய கோபம் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கணையத்தில் புற்றுநோய் வந்தது என்று நீர் சொன்னபோது இலைகள் விழத் தொடங்கியிருந்தன. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் முடியவில்லை, நீர் போய்விட்டீர். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கதைத்த அன்று வேதனையைப் பற்றிச் சொல்லவில்லை. "அவவின்ர பேப்பருகளை இனி ஆர் பாக்கிறது? இவருக்கு இங்கிலீஷ் காகிதத்தைக் கண்டாலே வேர்க்கும்," என்றீர். நான் பார்க்கிறேன் என்றேன். "உங்களுக்கும் வேர்க்கும்," என்றீர்.

வேர்க்கிறதுதான். ஜெனிஷாவின் பிளானின் இந்த வருட மீளாய்வுக்கு வந்த வரைவில் 'கிழமைக்கு ஒருமுறை' என்பதை எடுத்துவிட்டுத் 'தேவைப்படும்போது' என்று போட்டிருந்தார்கள். உம்முடைய கணவர் அதைக் கவனிக்கவில்லை. அந்த ஒரு சொல்லை விட்டால் பிறகு எந்தப் பரிசோதகர் வந்தாலும் ஒன்றும் கேட்க இயலாது. அவரோடு மீளாய்வுக் கூட்டத்துக்குப் போய்க் கையை உயர்த்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். பழைய சொல்லைத் திரும்பப் போட்டார்கள்.

இன்று மத்தியானம் புதிய பொறுப்பாளரிடம் போனேன். எங்கள் பிரிவில் இரண்டு பிள்ளைகளுக்கு இந்த மாதம் தெரப்பி நடக்கவில்லை, தாளில் நடக்கவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன், அப்படியே இருக்கும் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பேனையை மூடி வைத்தார். பிறகு, "சரி, இருக்கட்டும்," என்றார். அதற்குள் என் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. இத்தனை வருடத்தில் பயம் ஒரு துளியும் குறையவில்லை. குறையும் என்று காத்திருப்பதை விட்டுவிட்டேன்.

வேலை முடிந்து நேரே உம்முடைய வீட்டுக்குப் போனேன். ஜெனிஷாவுக்கு ஒன்பது வயது. உம்மைப் போலவே புருவம். சாப்பாட்டு நேரம். உம்முடைய கணவர் சோற்றைப் பால்விட்டு மசித்துக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். எனக்கும் ஒரு கோப்பையில் கொஞ்சம் போட்டிருந்தார். அவள் வாயில் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு, விழுங்காமல், தன் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்தாள். புதிய தெரப்பிஸ்ட் உமக்குக் காட்டி, நீர் அவளுக்குப் பழக்கியது. முன்னால் இருக்கிறவர் விழுங்குவதைக் கையால் உணர்ந்தால்தான் தானும் விழுங்குவாள். நான் ஒரு வாய் எடுத்து, அடுத்த கிழமை பரிசோதகர்கள் வருவதை நினைத்துக்கொண்டு அதை வாயிலேயே வைத்திருந்தேன். அவள் கையை எடுக்கவில்லை. பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விழுங்கினேன். அவளும் விழுங்கினாள்.